பருவுக்கு நான் வைத்த பத்தியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசை முன் எழுந்து நின்று, இனிமேல் இந்த வீட்டுக்குள் பாலும் சர்க்கரையும் நுழையக் கூடாது என்று அறிவித்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் போட்ட முதல் சட்டம் அது. அதுவரை நான் வீட்டில் போட்டதெல்லாம் தாழ்ப்பாள் மட்டும்தான். அதையும் சரியாகப் போட்டேனா என்று மனைவி எழுந்து போய்ப் பார்ப்பாள்.

அன்றைக்கு அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் படித்த பட்டியலை முழுசாகக் கேட்டாள். பால், தயிர், சர்க்கரை, பிஸ்கட், மைதா, எண்ணெயில் பொரித்தது எல்லாம் விலக்கு. ஒன்று மட்டும் கேட்டாள்.

"பருவுக்குக் காரணம் பருப்புன்னு எங்கயும் போடலையே?"

போடவில்லை என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இவ்வளவு சுலபமாக அவள் சரிங்க சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். வெற்றி பெற்றவன் சுதாரிக்க மாட்டான்.

சட்டத்துக்குக் காரணம் எங்கள் ஒரே மகள். பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் வருடம் வேதியியல் படிக்கிறாள். அதற்கு முந்தைய ஒரு வருடமாக அவள் முகத்தில் பரு. நெற்றியில் நாலைந்து பொட்டுகளாகத்தான் ஆரம்பித்தது. பிறகு கன்னம், தாடை, கழுத்து என்று இறங்கியது. சிவந்து, பழுத்து, தொட்டாலே வலிக்கிற பருக்கள். முதலில் அவள் ஜன்னல் ஓரம் உட்காருவதை நிறுத்தினாள். அப்புறம் வெளியே போகும்போது முகமூடி போட்டுக்கொண்டாள். அப்புறம் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு வந்து, மேசை விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டாள். குளியலறைக் கண்ணாடியின் மேல் எப்போதும் ஒரு துண்டு தொங்கியது. நான் சவரக்கத்தியால் மீசை ஒதுக்கப் போகும்போது அதை எடுத்துவிட்டு, முடிந்ததும் அதே மடிப்போடு திரும்பப் போட்டுவிடுவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் புகைப்படக்காரன். சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அடையாள அட்டைக்குப் படம், விண்ணப்பத்துக்குப் படம், குடும்பப் படம், லேமினேஷன். ஊரார் முகத்திலிருக்கும் பருவையெல்லாம் அழித்துப் பிழைப்பவன். அது பெரிய வித்தையும் இல்லை. கணினியில் ஒரு சின்ன வட்டத்தை எடுத்துப் பருவின் மேல் வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும், பக்கத்திலிருக்கும் நல்ல தோலைக் கொஞ்சம் கடன் வாங்கி அங்கே ஒட்டிவிடும். ஒரு கன்னத்துக்கு மூன்று நிமிடம்.

கல்லூரியில் புது அடையாள அட்டைக்குப் படம் கேட்டார்கள். மகள் ரொம்ப யோசித்துவிட்டு, கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். முகமூடியைக் கழற்றி ஸ்டூலில் உட்கார்ந்தாள். நல்ல வெளிச்சத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் படத்தை எடுத்தேன். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, என் வித்தை எல்லாவற்றையும் அந்தப் படத்தில் இறக்கினேன். ஒரு புள்ளி விடவில்லை. அச்சடித்து, வெட்டி, உறையில் போட்டுக் கையில் கொடுத்தேன்.

வெகு நேரம் பார்த்தாள்.

"இது யாருப்பா?"

"நீதாம்மா."

"நான் இல்ல. நான் எப்படி இருந்தா உங்களுக்குப் பிடிக்குமோ, அது."

உறையை மேசையில் வைத்துவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கல்லூரி வாசலில் இருந்த வேறு கடையில் படம் எடுத்துக்கொண்டாள் என்று பிறகு மனைவி சொன்னாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். நான் கொடுத்த முகத்தை வைத்துக்கொண்டே எனக்கு முகம் கொடுத்துப் பேச மறுத்தாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் கடையில் உட்கார்ந்து பரு சம்பந்தமாக எழுதியிருப்பதையெல்லாம் படித்தேன். எனக்குப் பக்கத்துக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடி விற்பவர். தன் தம்பி மகனுக்குப் பாலை நிறுத்தியதும் ஒரே மாதத்தில் முகம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டதென்று அவர் சொன்னார். நான் படித்ததிலும் இனிப்பும் பாலும் சிலருக்குப் பருவை அதிகமாக்கலாம் என்று இருந்தது. சிலருக்கு என்பதை விட்டுவிட்டேன். அதிகமாக்கலாம் என்பதை உண்டாக்கும் என்று மாற்றிக்கொண்டேன். படத்தில் திருத்தியே பழகிய கை, கட்டுரையிலும் திருத்திவிட்டது. குற்றவாளி சமையலறையில் இருக்கிறான் என்று முடிவு கட்டியதும் மனசு எவ்வளவு லேசானது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பட்டியலை அச்சடித்து, லேமினேட் செய்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

முதல் இரண்டு வாரம் மகள் பட்டியல்படி நடந்தாள். அதாவது, அதில் விலக்கியதையெல்லாம் விலக்கினாள். மூன்றாவது வாரம், விலக்காததையும் விலக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாய் எடுக்கும்போதும் கை நின்று நின்று போனது. வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது இனிப்புதானே என்று அம்மாவிடம் கேட்டாள். காலையில் எழுந்ததும் புதிதாக ஒரு பரு வந்திருந்தால், முந்தின நாள் தின்றதை விரல்விட்டு எண்ணி, அதில் ஒன்றைக் குறைத்தாள். இப்படியே குறைத்துக்கொண்டு போனால் கடைசியில் தண்ணீர்தான் மிஞ்சும். நான் அதைக் கட்டுப்பாடு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

நாலாவது வாரம் அவள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். சிநேகிதி ஒருத்தி கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். என் மனைவி இரண்டு முட்டையை உடைத்துப் போட்டு வறுத்து, சோற்றோடு பிசைந்து, மகளைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து ஊட்டினாள். பத்தொன்பது வயதுப் பெண், குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள். முட்டை பட்டியலில் உண்டா இல்லையா என்று நான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த என்னை மனைவி பார்த்தாள்.

மறுநாள் அவள் ஒரு ஏற்பாடு சொன்னாள். பரீட்சை வருவதால் மகள் இனிமேல் சாயங்காலம் நூலகத்தில் இருந்து படித்துவிட்டு, அம்மா வேலை முடிந்து வரும்போது கூடவே வந்துவிடுவாள். பத்தியத்தைக் கைவிட வேண்டாம், ஆனால் குடும்பமே கடைப்பிடித்தால்தான் பிள்ளைக்கு மனசு தளராது. நானும் கடைப்பிடிக்க வேண்டும். அதுவும் அந்தக் கட்டுரையிலேயே போட்டிருக்கிறதாம். நான் படித்த கட்டுரைதான். எனக்கு அந்த வரி ஞாபகம் இல்லை. திருத்துவதில் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் உண்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் வாழ்க்கையில் பாலும் சர்க்கரையும் இல்லாமல் நான் டீ குடித்ததே கிடையாது. அவை இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது துணி சாயம் போன தண்ணீர். அதைக் குடித்தேன். மகளுக்காக என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். வேகவைத்த காய்கறியை மென்றேன். கடைத்தெருவில் ரொட்டிக்கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் இறங்கியது. சாயங்காலம் வீடு திரும்பும் மகள், பசியில்லை என்று சொல்லி இரண்டு கரண்டி காய்கறியை என் எதிரில் தின்றுவிட்டுப் போவாள். பாவம், எவ்வளவு வைராக்கியம் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டரை மாதம் போயிற்று. பரு குறையத் தொடங்கியது. முதலில் சிவப்பு வடிந்தது. பிறகு புதிதாக வருவது நின்றது. துண்டு ஒரு நாள் கண்ணாடியிலிருந்து காணாமல் போனது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குப் படம் எடுக்க வந்தவர்களையெல்லாம் பிடித்துவைத்துப் பாலின் தீமைகளைச் சொன்னேன். பட்டியலை நாற்பது பிரதி லேமினேட் செய்து இலவசமாகக் கொடுத்தேன். கண்ணாடிக் கடைக்காரர் என்னை டாக்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தார். நான் மறுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர், என் மனைவியின் கண்ணாடி பழுது பார்த்து முடிந்துவிட்டதென்று கொண்டுவந்து கொடுத்தார். மனைவி ஒரு மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுக்கிறாள். கண்ணாடி இல்லாமல் ஆறையும் எட்டையும் குழப்பிக்கொண்டிருப்பாளே என்று, சாயங்காலம் கடையைக் கொஞ்சம் சீக்கிரம் பூட்டிவிட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் வேறு ஒரு பெண் இருந்தாள். அக்கா கேன்டீனில் பெண்ணோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், தினமும் இந்த நேரம் அங்கேதான் என்றாள்.

கேன்டீன் கதவில் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே மூலை மேசையில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். மகள் முகமூடி போடவில்லை. முன்னால் சோறு தின்று முடித்த தட்டு, ஒரு கோப்பை பால், கையில் பாதி கடித்த பன். அம்மா ஏதோ சொல்ல, அவள் வாய் நிறையப் பன்னோடு சிரித்தாள். பால் சிந்தியது. அதற்கும் சிரித்தாள்.

அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை பிடிபடவில்லை. உள்ளே போக ஒரு காலை எடுத்து வைத்தேன். நான் போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. பன்னைக் கீழே வைத்துவிடுவாள் என்று தோன்றியது. மூக்குக்கண்ணாடியை வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அன்று இருவரும் திரும்பியபோது மனைவி அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தாள். மகள் அறைக்குப் போன பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மறைக்கவில்லை. மகள் மயங்கி விழுந்த மறுநாளே தோல் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். மாத்திரையும், பூசிக்கொள்ள மருந்தும் அப்போதிலிருந்து நடக்கிறது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர் அன்றே சொல்லியிருக்கிறார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு, ஏதாவது ஒன்றைத் தின்றால் அதிகமாகிறது என்று தெளிவாகத் தெரிந்தால் அதை மட்டும் குறைக்கலாம், வயிற்றைக் காயப்போட்டுப் பரு போகாது, பிள்ளையை முதலில் நன்றாகச் சாப்பிட விடுங்கள் என்றாராம். ஆக, அந்த இரண்டரை மாதமும் எங்கள் வீட்டில் பத்தியம் இருந்தது நான் ஒருவன்தான்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் டாக்டரையும் திருத்தப் போயிருப்பீர்கள் என்றாள். அது நியாயம்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "பெரும்பாலும் இது வம்சத்துல வர்றதுதான்னார் டாக்டர். குடும்பத்துல யாருக்கு இருந்துச்சுன்னு கேட்டார்."

"என்ன சொன்ன?"

"எனக்குத்தான்னு சொன்னேன்."

என் மனைவியின் முகம் அன்றும் இன்றும் கழுவிவைத்த தட்டு மாதிரி. டாக்டர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாராம்.

உங்களிடமும் ஒன்றை மறைத்துவிட்டேன், இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குக் காதிலிருந்து கழுத்து வரை தாடி. இருபத்து மூன்றாவது வயதில் விட்டது. அதற்குள்ளே இரண்டு கன்னமும் மழைக்குப் பின் மண் தரை மாதிரி குழி குழியாக இருக்கும். அந்த வயதில் நானும் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட்டவன். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சமையலறை குற்றவாளியானால் நான் இல்லை என்றாகிவிடுமே, அதற்காகத்தான் அத்தனை சட்டமும்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணமான புதுசுல, மத்தியானம் சாப்பிட்டு அசந்து தூங்குவீங்களே, தடவிப் பாத்திருக்கேன். விரலுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

"அவ பக்கத்துல உக்காந்திருந்தா. ஏற்கெனவே உங்க மேல கோவமா இருந்தா. இது ஒண்ணு வேறயா உங்களுக்குன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறையில் கத்தரிக்கோலையும் சவரக்கத்தியையும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். தாடி கொத்துக் கொத்தாகத் தொட்டியில் விழுந்தது. உள்ளேயிருந்து வெளுத்த, எனக்கே அன்னியமான ஒரு முகம் வந்தது. குழிகள் அப்படியே இருந்தன. வெளியே வந்து, மகள் உட்கார்ந்திருந்த மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். உனக்கு இது அம்மாவிடமிருந்து வரவில்லை, என்னிடமிருந்துதான் வந்தது, அந்தப் படத்தில் நான் அழித்ததும் என்னைத்தான் என்று சொன்னேன். முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்த வசனம்.

அவள் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். ஒவ்வொரு குழியாக, மெதுவாக. ஒரு விரல்தான்.

"ரொம்ப வலிச்சுதாப்பா?"

நாலு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. வலித்தது என்று சொன்னேன். ஆனால் முகத்தைவிட, யாரும் அப்படிக் கேட்காததுதான் அதிகம் வலித்தது என்றும் சொன்னேன். அவள் எனக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள்.

மனைவி சமையலறையிலிருந்து டீயோடு வந்தாள். பாலும் சர்க்கரையும் போட்ட டீ. கோப்பையை என் முன்னால் வைத்தவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக முழு முகமாக என்னைப் பார்க்கிறாள். அவள் கண் கலங்கப்போகிறது என்று நான் காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை நன்றாகப் பார்த்தாள்.

"ஒரு வாரத்துல வளந்துடுமில்ல?" என்றாள்.