f(வேல்ராஜ்)

“சார், f-க்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள x போட்டிருக்கே, அப்ப ரெண்டையும் பெருக்கணுமா?”

கேட்டவள் ஜுஹைனா. பத்தாம் வகுப்பு, முதல் பெஞ்ச். திங்கட்கிழமை முதல் பீரியட். வேல்ராஜ் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். f(x) = x + 3 என்று இருந்தது. புத்தகத்தைப் பார்த்து அவரே எழுதியதுதான்.

“ஆமா. பெருக்கணும்.”

“அப்ப f எவ்ளோ சார்?”

“அது ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும்.”

வகுப்பு அதை நோட்டில் எழுதிக்கொண்டது.

வேல்ராஜ் உடற்கல்வி ஆசிரியர். கணக்கு வாத்தியார் பஞ்சாபகேசன் முந்தின வாரம் ஐந்தருவியில் வழுக்கி விழுந்து கணுக்காலைக் கெடுத்துக்கொண்டார். ஒரு மாதம் விடுப்பு. பள்ளியில் சும்மா இருப்பது யார் என்று தலைமையாசிரியை கோமதியம்மாள் கேட்டார். பி.டி. சார் என்று எல்லா ஆசிரியர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர் சும்மா இருந்ததற்குக் காரணமே பஞ்சாபகேசன்தான். நான்கு வருடமாகப் பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடுகள் அவருக்குத்தான். “போர்ஷன் முடியலை ஓய்” என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். வேல்ராஜ் மைதானத்தில் தனியாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் ஜனவரியில் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு கூட எழுதினார். மனுக்கள் போகிற இடத்துக்கு அதுவும் போயிற்று.

பீரியட் முடிந்ததும் கோமதியம்மாள் கூப்பிட்டனுப்பினார்.

“வெள்ளிக்கிழமை ஆய்வு வருதாம் சார். பத்தாம் வகுப்பு கணக்கு பீரியட் விஷயமாம். போன்ல சொன்னாங்க.”

“என்ன விஷயம்னு கேட்டியளா மேடம்?”

“அதுக்குள்ள லைன் கட்டாயிட்டு. வேற என்ன இருக்கும்? பிள்ளைகளுக்குக் கணக்கு வருதான்னு பாப்பாங்க. எந்தப் பாடம் ஓடுது?”

“சார்பு மேடம். இந்த f(x) பாடம்.”

“அதை நல்லா நடத்துங்க. உங்க வாலிபால் கோர்ட்ல சைக்கிள் ஸ்டாண்டு கட்டணும்னு கமிட்டில ஒத்தக்கால்ல நிக்காங்க. ரிப்போர்ட் மட்டும் நல்லா வரட்டும், நான் பேசி நிறுத்திருதேன்.”

வேல்ராஜ் தலையாட்டினார். மனைவி போனதிலிருந்து மாலை ஆறரை மணி வரை அவர் அந்தக் கோர்ட்டில்தான் இருக்கிறார். வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட அதைவிட நல்ல இடம் தென்காசியில் அவருக்குக் கிடையாது.

சாயங்காலமே குற்றாலத்துக்கு பஸ் ஏறினார். பஞ்சாபகேசன் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“பெருக்கலா? எந்த மடையன் சொன்னான்?”

“நான்தான் சார்.”

பஞ்சாபகேசன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

“f பெருக்காது ஓய். அனுப்பும். இப்போ சாரல் சீசன். வந்திருக்கிற ஜனமெல்லாம் ஒரு கணம். அதுக்கு A-ன்னு பேர். மெயினருவி, ஐந்தருவி, பழைய அருவி, மூணும் இன்னொரு கணம், B. ஒருத்தன் ஒரே நேரத்துல ரெண்டு அருவியில குளிக்க முடியுமோ?”

“எப்படி சார் முடியும்?”

“ஒரே அருவியில நூறு பேர் குளிக்கலாமோ?”

“ஞாயித்துக்கிழமை ஆயிரம் பேர் நிக்கான்.”

“அவ்வளவுதான் சார்பு. A-யில இருக்கிற ஒவ்வொருத்தன்கிட்டேர்ந்தும் ஒரே ஒரு அம்பு கிளம்பணும். ஒருத்தன்கிட்டேர்ந்து ரெண்டு அம்பு கிளம்பினா சார்பு இல்லை. ஆனா ரெண்டு அம்பு ஒரே இடத்துல போய் நிக்கலாம், தப்பே இல்லை. போன வாரம் f(பஞ்சாபகேசன்) சமம் ஐந்தருவி. புரியறதா?”

“இப்ப f(பஞ்சாபகேசன்) சமம் கட்டில்.”

“கட்டில் B-யில இல்லை ஓய்!”

உள்ளே அவர் மனைவி விஜயம் சிரிப்பது கேட்டது.

“இந்த உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லாத அடைப்புக்குறி என்ன சார்?”

“வெற்றுக்கணம். உள்ளே ஆள் கிடையாது. ஆனா கணம் இருக்கு.”

அது மட்டும் வேல்ராஜுக்கு உடனே புரிந்தது. உதாரணம் கேட்கவில்லை.

விஜயம் காபியோடு வந்து, “இவர் காலுக்கு டாக்டர் சொன்ன எக்சர்சைஸ் ஒண்ணையும் பண்ண மாட்டேங்கறார். நீங்களாவது சொல்லுங்கோ” என்றார்.

“பாதத்தை மேலயும் கீழயும் இருபது தடவை அசையுங்க சார்.”

“இன்னிக்கு வேண்டாமே. நாளைக்குச் சேர்த்துப் பண்ணிடறேன்.”

“போர்ஷன் முடியலையே சார்” என்றார் வேல்ராஜ். நான்கு வருடத்தில் அவர் நிம்மதியாகக் குடித்த முதல் காபி அது.

செவ்வாய்க்கிழமை வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுண்ணாம்புத் தூளால் ஒரு பெரிய வட்டம், அது A. எதிரே மூன்று சின்ன வட்டங்கள், அருவிகள்.

“நேத்து பெருக்கணும்னு சொன்னிய சார்?” என்றாள் ஜுஹைனா.

“அது நேத்து. விசில் அடிச்சதும் ஆளுக்கு ஒரு அருவிக்கு ஓடணும். அந்த ஓட்டந்தான் f.”

விசில் அடித்தார். நாற்பது பேர் ஓடினார்கள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இசக்கிராஜா மட்டும் காலை அகட்டி மெயினருவியில் ஒன்றும் ஐந்தருவியில் ஒன்றுமாக வைத்து நின்றான்.

“ஏலே, எங்கனலே நிக்க?”

“ரெண்டுலயும் சார். மெயினருவில கூட்டமா இருக்கும்லா, ஒரு காலு இங்கன கெடக்கட்டும்னுதான்.”

“நீ சார்பே இல்லலே!”

“அவன் மட்டும் இல்ல சார்,” ஜுஹைனா பழைய அருவியிலிருந்து கத்தினாள். “அவன் ஒருத்தனால நாம எல்லாருமே சார்பு இல்லாம போயிட்டோம்!”

உண்மைதான். வகுப்புக்குக் கோபம் வந்துவிட்டது. ஐந்தருவிக்காரர்கள் அவன் ஒரு காலைப் பிடித்து இழுத்தார்கள். மெயினருவிக்காரர்கள் மறு காலை விடவில்லை. அவன் போட்ட சத்தத்தில் கோமதியம்மாள் மாடி வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

“வேல்ராஜ் சார்! கணக்கு பீரியட்ல என்ன கூத்து இது? வெள்ளிக்கிழமை முடியுற வரைக்கும் கிரவுண்டுல ஒரு காலு படக்கூடாது!”

வலையையும் அவிழ்த்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்.

பாடம் பாதியில் நின்றது. மிச்சம் இரண்டே நாள். வேல்ராஜ் கால அட்டவணையைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். பத்தாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய பீரியட் ஒரே ஒரு வகைதான் இருந்தது.

புதன்கிழமை மதியம் பிள்ளைகள் செருப்பை மாற்றி ஷூ போட்டுக்கொண்டு வராந்தாவில் வரிசையாக நின்றார்கள்.

“எல்லாரும் உள்ள வந்து உக்காருங்க. கணக்கு நோட்டை எடுங்க.”

“சார், இது பி.டி. பீரியட் சார்!”

“போர்ஷன் முடியலைலே” என்றார் வேல்ராஜ். சொன்ன பிறகுதான் அது தன் வாய் என்று தெரிந்தது.

“நீங்களுமா சார்?” என்றான் இசக்கிராஜா. “பஞ்சாபகேசன் சாராவது அஞ்சு நிமிஷம் முந்தி விட்டுருவாவ.”

வேல்ராஜ் விடவில்லை. பி.டி. நோட்டில் அன்றைய தேதியில் ‘கணக்கு’ என்று எழுதி ஒரு கிறுக்கல் கிறுக்கினார். வியாழக்கிழமையும் அதையே செய்தார். வெள்ளிக்கிழமை காலை இருந்த கடைசி பி.டி. பீரியடும் போயிற்று. ஆனால் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. ∈ என்பதை வைக்கோல் வாரும் கம்பு என்று சொல்லிக்கொண்டிருந்த இசக்கிராஜா, இப்போது “x ஆனவர் A வீட்டு ஆளு” என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

“சட்டையை உள்ள விடுங்க. அந்த விசிலைக் கழட்டுங்க” என்றார் கோமதியம்மாள். “பாத்தா கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கணும்.”

வேல்ராஜ் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பதினொன்றரைக்கு ஆய்வாளர் மாஜிதா வந்தார். கட்டியிருந்த சேலைக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ. மழைக்காக இருக்கும் என்று கோமதியம்மாள் நினைத்துக்கொண்டார். ஆய்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

வேல்ராஜ் படம் போட்டார். அம்பு விட்டார். எது சார்பு, எது சார்பு இல்லை என்று கேட்டார். நாற்பது கைகள் உயர்ந்தன. f(2) ஐந்து என்று இசக்கிராஜாவே சொன்னான். கோமதியம்மாளின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. ஆய்வாளரின் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

“நல்லா படிக்காங்க” என்றார் மாஜிதா எழுந்து. “ரொம்பவே நல்லா படிக்காங்க. பி.டி. நோட்டைக் கொண்டாங்க.”

“கணக்கு நோட்டா மேடம்?”

“பி.டி. நோட்டு. நான் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர். போன்ல சொன்னேனே?”

கோமதியம்மாள் ஆளை அனுப்பினார். நோட்டு வந்தது. மாஜிதா விரல் வைத்துப் படித்தார்.

“புதன், கணக்கு. வியாழன், கணக்கு. இன்னைக்குக் காலையிலயும் கணக்கு. கோர்ட்ல வலைகூட இல்லை, வரும்போதே பாத்தேன்.” கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். “இந்த ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் பி.டி. பீரியடை எல்லாம் பறிச்சுக்கிடுதாருன்னு ஜனவரில ஒரு மனு. இப்படியும் ஒருத்தர் இருப்பாரான்னு நினைச்சேன். இப்ப கண்ணால பாத்துட்டேன்.”

வேல்ராஜின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

“அந்தக் கோர்ட்ல இனி யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது. நான் எழுதிக் குடுக்கேன். பறிச்ச கணக்கு வாத்தியாருக்கு மெமோ. அவரு இந்தா நிக்காரு, சரி. மனு போட்ட பி.டி. வாத்தியாரு எங்க? ரெண்டு பேரையும் எதிரெதிரா நிறுத்தித்தான் விசாரிக்கணும்.”

கோமதியம்மாள் மின்விசிறியைப் பார்த்தார். முதல் பெஞ்சில் ஜுஹைனா எழுந்து நின்றாள்.

“மேடம், ரெண்டு அம்பும் ஒரே ஆளுட்டதான் போய் நிக்குது. சார்புல அது தப்பில்லன்னு சார்தான் சொல்லிக்குடுத்தாவ.”