மூன்றாம் படியில் படுத்திருந்த நாய் தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

அடுத்த வீட்டிலிருந்து உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்கள் நலம் என்பதை இன்று காலை நீங்கள் தும்மிய சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டு அக்காவும் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

நீங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. அதற்கு முதலில் என் மனமார்ந்த நன்றி. எழுபத்தொரு வயதில் என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது. இதுவரை வந்த மின்சார பில்லெல்லாம் மீட்டருக்கு வந்தவை. எனக்கு வந்தவை என்று சொல்ல முடியாது. மாதாமாதம் பென்ஷன் பணம் தரும் பழக்கதோஷத்தில் தபால்காரர் என் கைநாட்டுக்கு மை டப்பாவைத் திறந்தார். “டப்பாவ மூடுங்க, பேனா குடுங்க” என்றேன். நான் கையெழுத்துப் போட ஆரம்பித்ததும் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். “பெரியவரே, எனக்கு இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருக்கு” என்றார். “எனக்கு இன்னும் ரெண்டு எழுத்துதான் பாக்கி, இருங்க” என்றேன். அவரும் நல்ல மனிதர்.

நோட்டீஸை வாசிக்க இரண்டு நாள் ஆனது. நாற்பது வருடம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த கை அல்லவா, எழுத்து முத்து முத்தாக இருந்தது. ‘அஜாக்கிரதையாகவும்’ என்ற ஒரு சொல்லுக்கே பாதிக் காலை போய்விட்டது. கடைசியில் அது பிடிபட்டதும் வந்த சந்தோஷத்தில், அது என்னைப் பற்றி எழுதியது என்பதே உறைக்கவில்லை. உங்கள் தங்கைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். “எங்கண்ணன் உங்கள நாலு பக்கத்துக்குத் திட்டியிருக்காரு, நீங்க என்னவோ கல்யாணப் பத்திரிகை மாதிரி படிக்கிறீங்க” என்றாள். திட்டினாலும் மூன்று இடத்தில் ‘அவர்கள்’ போட்டிருக்கிறீர்கள் மச்சான். எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட மறைப்பாக நான் ஒரு சுவர் எழுப்பி, அதனால் உங்கள் முற்றத்துக்குக் காலை வெயில் வராமல் போய், நீங்கள் என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடத்தில் ஒரு சொல் இல்லை. இப்போது ஒரேயடியாக நான்கு பக்கம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாழ்நாளெல்லாம் ஊருக்கு வீடு கட்டிக் கொடுத்த கொத்தனாரான எனக்கு, வீட்டை வாடகைக்கு விடுவது எப்படி என்று தெரியாது. நர்ஸம்மா எங்கள் மாடிக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. சாமான் இறக்கிய அன்றே மூன்றாம் படியில் அந்தப் பழுப்பு நாய் படுத்திருந்தது. நாய் வளர்க்கிறேன் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் வீட்டுச் சொந்தக்காரன் என்று ஆனபின் கொஞ்சம் பெரிய மனது வேண்டாமா? வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே நர்ஸம்மா நாயைக் குளிப்பாட்டினார். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நான் வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, “ஐயா, பேப்பர் தலைகீழா இருக்கு” என்றார். “தெரியும்மா, ஸ்டாம்பு ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு பாத்தேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு சிலேட்டு வாங்கி வந்தார். தினமும் சாயங்காலம் படியில்தான் வகுப்பு. நானும் நாயும் மாணவர்கள். ஒருநாள் திடீரென்று, “நாய் பேரு என்னங்க ஐயா?” என்று கேட்டார். டீச்சர் பரீட்சை வைக்கிறார் என்று புரிந்துகொண்டு சிலேட்டில் ‘நாய்’ என்று எழுதிக் காட்டினேன். அன்றிலிருந்து அதை அவர் அப்படியே கூப்பிடுகிறார், அதுவும் வருகிறது.

சம்பவம் நடந்தது செவ்வாய்க்கிழமை காலை. கேஸ்காரர் காலி சிலிண்டரைத் தோளில் வைத்து மாடியிலிருந்து இறங்கினார். நாய் எழுந்திருக்கவில்லை. அது யாருக்கும் எழுந்திருப்பதில்லை. கேஸ்காரர் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்தார், சிலிண்டரை விட்டார். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அந்தப் படிகளை ரசமட்டம் வைத்து நான் கட்டியது, அதனால் சிலிண்டர் இம்மிகூடக் கோணாமல் நேராக இறங்கியது. கேட்டைத் தாண்டி, மின்கம்பத்தில் மோதித் திரும்பி, தெருச் சரிவில் உங்கள் வீட்டை நோக்கி உருண்டது. நீங்கள் ஸ்டூல் போட்டு உங்கள் கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தீர்கள். எழுபத்து நான்கு வயதில் நீங்கள் தாவித் தூணைக் கட்டிக்கொண்ட வேகம் இருக்கிறதே, என் கண்ணே பட்டிருக்கும். கேட் சாய்ந்தது, டப்பா கவிழ்ந்தது, நீங்கள் பாதிப் பச்சை ஆனீர்கள். நோட்டீஸில் நீங்கள் குறித்துள்ள கேட், பெயின்ட், சட்டை, மூக்குக்கண்ணாடி, மன உளைச்சல் அத்தனையும் உண்மை, நானே சாட்சி. ஆனால் ‘தூண் சேதம்’ என்பதை மட்டும் ஏற்க முடியாது. அந்தத் தூண் நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நான் கட்டியது. அதற்கு ஒன்றும் ஆகாது.

ஏழு நாளுக்குள் நாயும் அதை வளர்ப்பவரும் அந்த வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டில் சந்திப்போம் என்று முடித்திருக்கிறீர்கள். இதை நர்ஸம்மாவிடம் காட்டியிருக்கவே கூடாது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கப் போய்க் காட்டிவிட்டேன். படித்தார், மாடிக்குப் போனார், புத்தகங்களைக் கட்ட ஆரம்பித்தார். “எனக்காக நீங்க கோர்ட்டுப் படி ஏற வேணாங்கய்யா. ஞாயித்துக்கிழமை காலி பண்ணிடறேன்” என்றார். “அப்ப நாய்?” என்றேன். “நாய் இங்கயே இருக்கட்டும்யா, அத எங்க கூட்டிட்டுப் போறது” என்றார். குழந்தை மாதிரி குளிப்பாட்டி வளர்த்ததை எனக்கு விட்டுப் போகிறேன் என்கிறார், மச்சான். அவர் கற்றுக் கொடுத்த எழுத்தை வைத்தே அவரை வெளியேற்றும் காகிதத்தை நான் வாசித்திருக்கிறேன். வாசிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் உங்கள் நோட்டீஸை மடித்து ஆடுகிற அலமாரிக்கு முட்டுக் கொடுத்திருப்பேன். அவரும் நிம்மதியாக மாடியிலேயே இருந்திருப்பார்.

ஆகையால், வீட்டுச் சொந்தக்காரன் என்ற முறையில் முழுப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன். கேட்டை என் கையால் நிறுத்தித் தருகிறேன். சட்டையும் கண்ணாடியும் நீங்கள் கைகாட்டுவதை வாங்கித் தருகிறேன். மொட்டைமாடிச் சுவரையும் இடித்துவிடுகிறேன்; உங்கள் வெயில் உங்களுக்கே. நர்ஸம்மாவை மட்டும் விட்டுவிடுங்கள். இதையெல்லாம் வாயால் சொன்னால் கோர்ட்டில் நிற்காது என்பதால் எழுதியே தருகிறேன்.

இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. தூணைக் கட்டிக்கொண்டு நின்றபோது நீங்கள், “டேய் மாப்ளே, புடிடா அத!” என்று கத்தினீர்கள். மூன்று வருடம் கழித்து என்னை மாப்ளே என்றீர்கள். அதை நோட்டீஸில் எழுத மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை.

உங்கள் கண்ணுக்கும் காலுக்கும் எந்தக் குறையும் வராமல், அக்காவோடு நூறு வயது தாண்டி இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையில் போடும் முன் பிழை பார்க்கச் சொல்லி இதை நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். பாதியிலேயே நிமிர்ந்து, “என்னங்கய்யா, நாய் என்னுதா? உங்க நாய்னு நெனச்சுல்ல நான் குளிப்பாட்டிட்டு இருக்கேன்! வீட்டுக்காரர் நாயாச்சே, எப்படி வேணாம்னு சொல்றது?” என்றார். அதற்குள் உங்கள் தங்கை சமையலறையிலிருந்து வந்தாள். “ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. அது அண்ணி நாய்” என்றாள். குட்டியிலிருந்தே அக்காதான் சோறு போட்டு வளர்க்கிறாராம். நாம் இருவரும் பேசாத மூன்று வருடமும் அவர்கள் இருவரும் பின்சுவர் வழியாகத் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். “உங்கண்ணனுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். “தெரிஞ்சா அது ஏன் நம்ம படியில வந்து படுக்குது?” என்றாள். ஆகையால் மேலே நான் ஏற்ற பொறுப்பெல்லாம் ரத்து. சுவரை மட்டும் நாளைக் காலையில் இடித்துவிடுகிறேன். நாயும் அதை வளர்ப்பவரும் ஏழு நாளில் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது உங்கள் நோட்டீஸ். அதை வாசிக்க இரண்டு நாள், இந்தக் கடிதம் எழுத மூன்று நாள் என்று எனக்கு ஐந்து நாள் பிடித்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கள் மாடியில் இடமில்லை. நர்ஸம்மா மூட்டையைப் பிரித்துவிட்டார்.