சிரிப்புக்கு இடம் கொடாத ஞாயிறு

இனிமேல் தன்னைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கக் கூடாது என்று அந்த லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். இடம், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் நாலாவது மாடி, லிஃப்ட் வாசல்.

லிஃப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் நின்றுபோயிருந்தது. உள்ளே ஓர் அம்மாள் இருபது நிமிஷமாக மாட்டிக்கொண்டிருந்தாள். "பயப்படாதீங்கம்மா, நான் வந்துட்டேன்" என்று கதவு இடுக்கில் குரல் கொடுத்தார் மெக்கானிக். ஆபத்தில் இருப்பவர்களிடம் பேசுவதற்கென்றே கனமான ஒரு குரலை அவர் தனியாக வைத்திருந்தார். மொட்டை மாடி மிஷின் ரூமுக்கு ஓடினார். பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக இறக்கினார். எட்டு மாடிப் படிகளில் இறங்கி வந்து, மூச்சு வாங்குவது தெரியாமல் மூச்சு வாங்கிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

அம்மாள் வெளியே வந்தாள். நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் கறுப்பு டேப் சுற்றி ஒட்டியிருந்ததையும் பார்த்தாள். திறந்த வாயிலிருந்து நன்றிக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது.

"தப்பா நினைக்காதீங்க. டிவில நியூஸ் வாசிக்கிறவங்க வணக்கம் சொன்னா, பதிலுக்கு வணக்கம் சொல்றவர் நீங்கதானே?"

மெக்கானிக்கின் கையில் இருந்த சாவி நழுவிக் கீழே விழுந்தது.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"உங்க கொழுந்தியாளும் நானும் ஒரே ஆபீஸ். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தா உங்க கதைதான். ஒன்பது பேர் காத்துக்கிட்டிருப்போம். வாஷிங் மெஷின் பீப் பீப்னு அடிச்சப்ப 'இதோ வந்துட்டேன் சார்'னு சொன்னீங்களாமே."

"அது கம்பெனி போன்னு நினைச்சுட்டேன்."

"அதையும் சொன்னாங்க" என்றாள் அம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டு வழியாகவே இறங்கிப் போனாள். அஞ்சு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் லிஃப்டுகளுக்கு இவரைப் போன மாதம்தான் மேற்பார்வையாளராக்கியிருந்தார்கள். இவருக்குக் கீழே மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். அந்த மூவரில் ஒருவன் பக்கத்திலேயே எண்ணெய் டப்பாவோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"உன் தங்கச்சிகிட்ட என்னைப் பத்தி என்னென்ன சொல்ற?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நடந்ததைச் சொல்றேன்."

"நடந்ததை ஏன் சொல்ற?"

"நடக்காததைச் சொன்னா பொய்யாயிடுமேங்க."

"எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. எட்டு பேரை ஒரே நேரத்துல பன்னிரண்டு மாடி ஏத்துறவன் நான்."

"அது லிஃப்ட் ஏத்துது."

"லிஃப்டை யார் ஏத்துறா?"

இந்த இடத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார். "பாத்தியா, இதுதான், இதைத்தான் சொல்றேன். இந்த வீட்ல நான் எதைச் செஞ்சாலும் உனக்குச் சிரிப்பு."

"நீங்க செய்றது அப்படி இருக்கு. நான் என்ன செய்ய?"

"வேணும்னா நான் சிரிப்புக்கு இடம் கொடுக்காம இருப்பேன்."

"எத்தனை நாள்?"

"எத்தனை நாள் வேணும்?"

அவள் ஒரு துண்டை உதறி, நாலாக மடித்து, மடிப்பை நீவினாள். "ஒரு நாள் போதும். நாளைக்கு. காலைல கண் முழிச்சதுலேருந்து ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிற வரைக்கும். அதுவரை நான் ஒரு தடவைகூடச் சிரிக்கலைன்னா நீங்க ஜெயிச்ச மாதிரி. அப்புறம் என் வாயிலேருந்து உங்க கதை ஒரு வரி வெளியே போகாது. நான் சிரிச்சுட்டா, நீங்க இதைப் பத்திப் பேசவே கூடாது."

அவர் உடனே சம்மதித்தார். அன்று மாலை முழுக்க உட்கார்ந்து, வீட்டில் தன்னைக் கவிழ்க்கக்கூடிய பொருள்களை மனசுக்குள் வரிசைப்படுத்தினார். டிவி. வாஷிங் மெஷின். கண்ணாடி போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடும் பழக்கம். சோபா, ஏனென்றால் அதில் உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் வாய் திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே எழுந்து குளித்தார். முழுக்கைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், பெல்ட். லுங்கி கட்டிய மனிதனைப் பார்த்துச் சிரிக்கலாம், பெல்ட் போட்டவனைப் பார்த்துச் சிரிக்கக் கொஞ்சம் தயக்கம் வரும் என்பது அவர் கணக்கு. கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையும் இரண்டு முட்டி மேல்.

மனைவி காபியோடு வந்தாள். பார்த்தாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போறீங்களா?"

"இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்காந்திருக்கும்போதுதாங்க உங்களுக்கு ஏதாவது ஆகும். போன வாரம் மூணு கதையும் நீங்க சும்மா இருந்தப்ப வந்ததுதான். லிஃப்ட் ரிப்பேர் பண்ணும்போது உங்களைப் பாத்து யாராவது சிரிச்சிருக்காங்களா?"

யோசித்தார். நேற்று வரை இல்லை. வேலை செய்கிற மனிதனுக்கு ஒரு தனி கம்பீரம் உண்டு என்பது அவருக்கும் பட்டது. "என்ன வேலை இருக்கு?" என்று கேட்டார்.

அவள் காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, விரலை மடக்காமல், சீட்டு எதையும் பார்க்காமல் சொன்னாள். மூன்று ஃபேன் துடைக்க வேண்டும். பரண் மேல் இருப்பதை இறக்க வேண்டும். திரைச்சீலை கழற்ற வேண்டும். கட்டிலுக்குப் புது விரிப்பு போட வேண்டும்.

ஃபேன்களை அவர் துடைத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டூல் மேல் ஏறி, ஒவ்வோர் இறக்கையையும் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தார். தும்மல் வந்தது. அடக்கினார். அடக்கிய தும்மல் காது வழியாக வெளியே போனது போல் ஒரு சத்தம் வந்தது. அவள் நின்று பார்த்தாள். "நூறாயுசு" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அடுத்தது கட்டில். புது விரிப்பு நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த வகை. முதல் மூலையை மெத்தைக்கடியில் மாட்டினார். இரண்டாவதை மாட்டினார். மூன்றாவதை மாட்டும்போது முதல் மூலை கழன்று சுருண்டது. அதை மாட்டப் போனார், மூன்றாவது கழன்றது. எலாஸ்டிக்கின் இழுவிசை பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரும்புக் கயிற்றில் டன் கணக்கில் பாரம் தொங்கவிடுகிற ஆள். ஆகவே யோசித்து, நாலாவது மூலையைப் பிடித்துக்கொண்டு மெத்தையின் நட்ட நடுவில் குப்புறப் படுத்தார். வலது காலால் ஒரு மூலையையும் இடது காலால் ஒரு மூலையையும் அழுத்தி, இடது கையை நீட்டி மூன்றாவதைப் பிடித்தார். நாலும் நின்றன. ஆனால் இப்போது அவர் எழுந்திருக்க முடியாது.

அப்படியே சில நிமிஷம் போனது.

"தூங்கிட்டீங்களா?" என்று வாசற்படியில் குரல் கேட்டது.

"இல்ல. மெத்தை சமமா இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கா?"

"இருக்கு. நீ அந்த மூலையைக் கொஞ்சம் பிடிச்சேன்னா நல்லா இருக்கும்."

அவள் பிடித்தாள். அவர் எழுந்தார். விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் நின்றது. அவள் முகமும் அப்படியே. பிறகு, "கை கழுவிட்டு வரேன்" என்று மறுபடியும் குளியலறைக்குப் போனாள். மறுபடியும் குழாய்ச் சத்தம். முன்பைவிடக் கூடுதலாகத் திறந்திருந்தாள்.

அவருக்குச் சந்தேகம் தட்டியது. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. ஒரு மனுஷிக்கு இருப்பது இரண்டு கை. குடிநீர் அலுவலகத்தில் நாள் முழுக்கப் போனில் புகார் எடுக்கிறவள் அவள். குழாயில் காற்று வருகிறது, அந்தக் காற்றில் மீன் வாடை வருகிறது என்று சொல்கிறவர்களிடம்கூடச் சிரிக்காமல் விலாசம் கேட்டுப் பழகியவள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிறாளா? கையும் களவுமாகப் பிடித்தால் பந்தயம் என்ன ஆகும் என்றுகூட அவர் யோசிக்கவில்லை. பூனை போல் நடந்து போய்க் குளியலறைக் கதவில் காதை வைத்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே வேறு ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

கதவு திறந்தது. காது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"கீல் சத்தம் போடுதான்னு பாத்தேன்."

"போடுதா?"

"லேசா."

"அப்போ எல்லாக் கதவுக்கும் எண்ணெய் விட்டுடுங்க."

வீட்டில் ஆறு கதவு. ஒவ்வொன்றிலும் மூன்று கீல். வாசல் கதவுக்கு வந்தபோது எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செய்தித்தாளோடு வெளியே வந்தார். பெல்ட் போட்டு, முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை மாட்டி, தரையில் மண்டியிட்டு எண்ணெய் விடுகிற மனிதரைப் பார்த்தார்.

"எங்கயாவது விசேஷமா?"

"இல்ல சார். வீட்லதான்."

"வீட்ல விசேஷமா?"

"விசேஷமே இல்லாம இருக்கணும்னுதான் சார் பாத்துக்கிட்டிருக்கேன்."

தலைமையாசிரியர் சத்தம் போட்டுச் சிரித்தார். மெக்கானிக் திடுக்கிட்டுத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "அவர் சிரிச்சா கணக்கில்லை" என்றாள் அவள், நீதிபதி மாதிரி.

மத்தியானம் பரண். சாயங்காலம் திரைச்சீலை. ஏழு மணிக்கெல்லாம் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறாமல் பார்த்துக்கொண்டார். தன் தட்டைத் தானே கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தார்.

மனைவி எழுந்து வந்து கை நீட்டினாள். "ஜெயிச்சுட்டீங்க."

அவர் கை கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் மனைவியோடு கை குலுக்கியது அதுவே முதல் தடவை.

"நான் சொன்னா சொன்னதுதான்" என்றாள். "இன்னையிலேருந்து உங்க கதை என் வாயிலேருந்து வராது." சொல்லிவிட்டு ஒரு வாரப்பத்திரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மெக்கானிக் நாள் முழுக்கத் தொடாத சோபாவில் சாய்ந்தார். வெற்றி சுகமாக இருந்தது. ஐந்து நிமிஷம் சுகமாக இருந்தது. ஏழரைக்கு வழக்கம்போல் தங்கை போன் பண்ணினாள். அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் விசேஷம் இல்லடி. ஆமா. அத்தான் நல்லா இருக்கார். வேற என்ன? சரி, வெச்சுடறேன்."

அவ்வளவுதான். வழக்கமாக முக்கால் மணி நேரம் ஓடுகிற பேச்சு முக்கால் நிமிஷத்தில் முடிந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, அடங்கி, மறுபடி கிளம்பும். இன்றைக்கு ஃபேன் சுற்றும் சத்தம்தான் கேட்டது. சுத்தமான ஃபேன், அந்தச் சத்தமும் குறைவு.

அவருக்கு என்னவோ போல் இருந்தது. மெத்தை மேல் நாலு பக்கமும் கைகாலை நீட்டிப் படுத்திருந்தது திடீரென்று ஞாபகம் வந்தது. மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி, அதுவும் பெல்ட் போட்ட பல்லி. உதடு துடித்தது. கதவு திறந்த பிறகும் காற்றில் காதை வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, நான் கட்டில் மேல படுத்திருந்தேன்ல..."

"நான் எதையும் பாக்கலைங்க" என்று பக்கத்தைப் புரட்டினாள்.

"கீல்ல காதை வெச்சு..."

"சத்தம் போச்சு. நல்லா இருக்கு."

இவ்வளவு நல்ல சரக்கு ஒரு ஆளிடம்கூடப் போய்ச் சேராமல் வீணாகிறதே என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. தினமும் சுமாரான சங்கதிகளையே ஒன்பது பேர் கேட்டு ரசிக்கிறார்கள். இது அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். அவள் வாய்தான் கட்டுப்பட்டிருக்கிறது, தன் வாய்க்கு யார் பூட்டு போட்டது? போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். எண்ணெய் விட்ட கதவு, சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

கொழுந்தியாள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க அத்தான்."

"ஒண்ணுமில்லம்மா. இன்னைக்கு ஒரு வேடிக்கை நடந்துச்சு. உங்க அக்கா சொல்ல மாட்டா. அதான் நானே..." என்று தொண்டையைக் கனைத்தார். "அந்த எலாஸ்டிக் வெச்ச விரிப்பு இருக்கு பாரு, அதுல நாலு மூலை..."

"இருங்க அத்தான், இருங்க" என்றாள் அவள். "அக்கா நேத்தே, அத்தான் எட்டு மணிக்குத்தான் பண்ணுவார்னு சொல்லியிருந்தா, நீங்க பத்து நிமிஷம் முன்னாடியே பண்ணிட்டீங்க. எங்க ஆபீஸ்காரங்கள்ல இன்னும் ரெண்டு பேர் லைன்ல வரணும்."