பச்சைப்பொட்டும் ஏழு காவல்காரர்களும்

பச்சைப்பொட்டு ஒரு முடிவெடுப்பதற்குள் களியக்காவிளைக்கு நாலுவழிச் சாலை போட்டுத் திறப்புவிழாவும் நடத்திவிடலாம்.

நாகர்கோவிலில் நாங்கள் நாலு பேர் வெப்சைட் கம்பெனி நடத்தினோம். சைட் ஓடினால் பச்சைப் பொட்டு, நின்றால் சிவப்புப் பொட்டு காட்டி, உடனே தகவலும் சொல்லும் இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் உண்டே, அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க எங்களில் ஒருத்தனிடம் சொன்னேன். பார்த்தான், பார்த்தான், ஆறு மாதம் பார்த்தான். அதில் விழுந்த பெயர்தான் பச்சைப்பொட்டு.

எனக்கோ அவசரம். தினமும் காலையில் சைட்டில் பூ விலை போடும் தோவாளைப் பூச்சந்தை முதலாளிதான் எங்கள் பெரிய கிராக்கி. "இன்னொரு மட்டம் சைட்டு நின்னா வேற ஆளப் பாப்பேன்" என்று சொல்லியிருந்தார். அவர் போனால் ஆபீசைப் பூட்ட வேண்டியதுதான்.

"ஏதாவது ஒண்ண வையேம்டே!"

"பொறு மக்கா. இது மெயில் போடும், எஸ்.எம்.எஸ். போடாது. அது ரெண்டும் போடும், ஆனா பொட்டு சின்னது. மொதலாளிக்குக் கண்ணு தெரியண்டாமா?"

இதற்கிடையில் எதையும் நம்பாமல் தினமும் காலை ஆறு மணிக்கு முதலாளிக்கே போன் போடுவான். "அண்ணாச்சி, சைட்டு தொறக்கா?" எனக்கு மானம் போகும்.

ஓணத்துக்கு முந்தின வாரம், போட்டி நியாயமாக நடக்கணும் என்று, அவன் சலித்து எடுத்து மிச்சம் வைத்திருந்த ஏழு மென்பொருளையும் பூ சைட் இருந்த அதே சர்வரில் ஏற்றிவிட்டான், படுபாவி! பத்து வினாடிக்கு ஒருதரம் ஏழும் மாறி மாறி சைட்டின் கதவைத் தட்டிப் பார்த்தன. விடியும்போது சர்வர் விழுந்தது. அதிலேயே இருந்த ஏழு காவல்காரர்களும் சேர்ந்தே விழுந்தார்கள். பிறகு யார் தகவல் சொல்வது?

ஆறு மணிக்கு வழக்கம்போல் போன் போட்டான். "தொறக்கல்லடே!" என்றார் முதலாளி. ஓடிவந்து ஏழையும் பிடுங்கிப் போட்டு, கேரளத்து வியாபாரிகள் விலை பார்க்கும் முன்னே சைட்டை எழுப்பிவிட்டான். "கூறு கெட்டவனே!" என்று நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பத்து மணிக்கு முதலாளி கூப்பிட்டார். ஆபீஸ் பூட்டைத் தேடிக்கொண்டே போனை எடுத்தேன்.

"சைட்டு நின்னது எனக்கே தெரியாது. அவன் கேட்டதாலதான் பாத்தேன். மெஷினு என்னமும் செய்யட்டு, அந்தப் பயல விட்டுராத."

பிறகு அவன் வளைகுடாவுக்குப் போனான். நான் பத்தே நிமிடத்தில் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து வைத்தேன், நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் தினமும் காலையில் அங்கிருந்து போன் வரும். "மக்கா, சைட்டு தொறக்கா?"

"தொறக்குடே, வை போனை."

போன மாதம் இரண்டு நாள் போன் வரவில்லை. திரையில் எல்லாம் பச்சை. எனக்குத்தான் வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் ஆறு மணிக்கு நானே கூப்பிட்டேன்.

"ஏலே, இருக்கியா?"

"காய்ச்சல் மக்கா. சைட்டு தொறக்கா?"

அதற்குப் பிறகுதான் நான் அன்றைய சாயாவைக் குடித்தேன்.