இரங்கல் எழுதிய ஊறுகாய்க் கடை

அன்பும் மரியாதையும் மிக்க ஸப்ரி அண்ணன் அவர்களுக்கு, எகிப்திலே நம் ஊர் தன்தாவிலிருந்து தம்பி வஜீஹ் ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் அருளால் நான், இன்ஸாஃப், மகள் ரீஹாம் மூவரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. குவைத்தில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

போன விடுமுறையில் என் போனில் நம் ஊறுகாய்க் கடைக்கென்று ஒரு பக்கம் திறந்து கொடுத்தீர்களே, அது இந்த வாரம் ஒரு காலைப்பொழுதில் முகம் மாறிவிட்டது. இடப்புறம் இருந்ததெல்லாம் வலப்புறம், மேலே இருந்தது கீழே. என் முகம் இருந்த இடத்தில், பீட்ரூட் சேர்த்துச் சிவந்த நம் டர்னிப் ஊறுகாய் ஜாடி உட்கார்ந்திருக்கிறது. "உங்கள் பக்கத்தின் புதிய தோற்றம் தயார்" என்று எழுதி, அடியில் "சரி" என்று ஒரே பொத்தான். வேண்டாம் என்பதற்குப் பொத்தானே இல்லை. வேறென்ன செய்வேன், அழுத்தினேன். இனி நான் எதை எழுதினாலும் அது கடை எழுதியதாகப் போகும் என்று எனக்கு யார் சொன்னது?

அன்றைக்கென்று பார்த்து ரீஹாமுக்கு நிச்சயித்திருக்கும் பிள்ளை ஹாதிமின் சித்தப்பா, மருந்துக்கடை ரவூஃப், மாரடைப்பில் இறந்துபோனார். ஹாதிம் அந்தச் செய்தியைப் போட்டிருந்தான். மாமனார் ஆகப்போகிறவன் சும்மா இருக்கலாமா? "அவர் விட்டுச்சென்ற இடத்தை யாராலும் நிரப்ப முடியாது" என்று மனமுருகி எழுதினேன். அது ஜாடிப் படத்தோடு, கடைப் பெயரில், அடியில் "வாங்க இங்கே அழுத்தவும்" என்ற பச்சைப் பட்டையோடு போய் நின்றது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ரவூஃபின் மனைவி நக்வா அதன் கீழே "ஆமீன்" என்று எழுத, நீங்கள் வைத்துவிட்டுப் போன தானியங்கிப் பதில் உடனே அந்த அம்மாளுக்குப் போயிருக்கிறது: "எங்களைத் தொடர்புகொண்டதில் மகிழ்ச்சி. சின்ன ஜாடியா, பெரிய ஜாடியா?"

இதெல்லாம் தெரியாமலே துக்கப் பந்தலுக்குப் போனேன். ஓதல் நடக்கிறது, சர்க்கரை போடாத காப்பி வருகிறது, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். சம்பந்தி ஆகப்போகிற ஷவ்கத் ஹாஜி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனார்.

"ஏம்ப்பா, எந்தம்பி மய்யித்து இன்னும் சூடு ஆறல. அதுக்குள்ள யாவாரமா?"

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "ஹாஜியாரே, நான் ஒண்ணும் பண்ணல. பக்கம் மாறிப்போச்சு."

பின்னாலிருந்த கிழவர் ஒருவர் காதைக் கொடுத்தார். "யாரு பக்கம் மாறினது?"

பக்கத்திலிருந்தவர் என்னைக் காட்டினார். "இவருதான். ரீஹாமோட அப்பா."

"கல்யாணத்துக்கு முன்னாடியேவா?" என்றார் கிழவர்.

வெளியே வந்து போனைத் திறந்தபோதுதான் விஷயம் கண்ணில் பட்டது. அந்தக் குறிப்பை அழித்துவிடலாம் என்று, "நீக்கு" வழக்கமாக இருக்கும் மூலையில் விரலை வைத்தேன். அண்ணே, அங்கே இப்போது "விளம்பரமாக்கு" இருக்கிறது. என் இரங்கல் ஊர் முழுக்க விளம்பரமாகப் போய்விட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் பதில் போடுகிறார்கள். ஒருத்தன், "இறைவன் அவருக்குச் சொர்க்கம் தரட்டும். எலுமிச்சை காரமா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறான். இன்னொருத்தி ரவூஃப்தான் ஊறுகாய் போட்டவர் என்று நினைத்துக்கொண்டு, "கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்று அழுதிருக்கிறாள். ஷவ்கத் ஹாஜி, "தேதியப் பத்திப் பின்னாடி யோசிப்போம்" என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். ரீஹாம் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். இன்ஸாஃப் பேசுவதில்லை, "உங்க ஜாடிக்கிட்டயே சோறு கேளுங்க" என்றதுதான் கடைசி. நான் இப்போது போனை ஈரக்கை படாத அலமாரியில் கவிழ்த்து வைத்து, பாம்பைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்க்கிறேன்.

ஆகவே அண்ணே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, இந்தப் பக்கத்தை அங்கிருந்தபடியே இழுத்து மூடிவிடுங்கள். நம் அப்பா வாசலில் ஒரு தகரப் பலகை மாட்டித்தான் நம்மையெல்லாம் வளர்த்தார். அந்தப் பலகை எந்தத் துக்க வீட்டுக்கும் தானாக நடந்து போனதில்லை.

அண்ணிக்கு என் மரியாதையையும் பிள்ளைகளுக்கு முத்தங்களையும் தெரிவியுங்கள். உங்கள் வீட்டில் எந்தத் தோற்றமும் மாறாமல் இறைவன் காக்கட்டும்.

உங்கள் தம்பி,
வஜீஹ்

பி.கு.: இதை அனுப்பப் போகும் நேரத்தில் நக்வா அம்மாளே கறுப்பு உடையோடு கடைக்குள் வந்துவிட்டார். பீப்பாய்க்குப் பின்னால் ஒளியலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. "சின்ன ஜாடி போதும்" என்றார். ஜாடியை எடுத்துத் துடைத்தேன். "அவரு போனதுக்கப்புறம் அந்தக் கேள்வியப் பாத்துட்டுத்தான் மொத மொதலா சிரிச்சேன். அவரு இங்க வருவாரா?" என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "வருவாரும்மா. இங்கயே நின்னு டர்னிப் தின்னுட்டுப் போவாரு" என்றேன். "தெரியும். டாக்டர் உப்பே கூடாதுன்னிருந்தாரு. சட்டைக் கையில செவப்புக் கறையோட வந்து மருந்து கொட்டிடுச்சும்பாரு. நானும் நம்புன மாதிரி தொவச்சுப் போடுவேன்" என்றார். ஷவ்கத்தைக் கண்டித்தாயிற்று, நாற்பதாம் நாள் கழிந்ததும் தேதி குறிக்கலாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று ஒரு துண்டு எடுத்துத் தின்றார். பக்கத்தை மூட வேண்டாம், அண்ணே.