கடல் இல்லாத நாட்டுக்குப் பெண் கொடுப்பது பற்றி

அம்மருட், ஒஸ்லோ

மரியாதைக்குரிய மேரியம்மா அவர்கட்கு,

இயேசுவுக்கே புகழ். அந்தோனியார் புண்ணியத்தில் நாங்கள் சுகம். இவருடைய முழங்கால் மட்டும் இன்னும் சுவிசிலிருந்து வந்து சேரவில்லை. நீங்களும் மகன் டெனிசும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

எங்கள் மகள் லீசாவை டெனிசுக்குத் தருவது பற்றி முடிவு கேட்டிருந்தீர்கள். வந்து பார்த்ததோடு விடாமல், நூலகத்தில் உங்கள் நாட்டைப் பற்றிப் புத்தகமும் எடுத்துப் படித்தேன். ஆல்ப்ஸ் மலை அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் அந்த மலைத் தண்ணீரை றைன் ஆற்றில் வடகடலுக்கு, றோன் ஆற்றில் மத்தியதரைக் கடலுக்கு, இன்னொன்றில் கருங்கடலுக்கு என்று ஊரெல்லாம் அனுப்பிவிட்டுத் தங்களுக்கென்று ஒரு கடலை வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் சொல்கிறேன், இது குடும்பம் நடத்துகிற முறை இல்லை. பனிமலையும் வருடா வருடம் கரைகிறதாம். வட்டி போதாமல் முதலிலும் கைவைத்தாயிற்று.

இவர் தொலைந்துபோனதும் இதனால்தான். ஒஸ்லோவில் வழி தவறினால் பள்ளத்தைப் பார்த்து நடந்தால் போதும், கடைசியில் கடல் வரும், கடற்கரையில் ட்ராம் நிற்கும். அந்தப் பழக்கத்தில், காற்று வாங்கப் போன மனிதன் உங்கள் மலையிலிருந்து இறங்கியிருக்கிறார். வந்தது ஏரி. ஏரியைச் சுற்றிப்போய் இன்னும் இறங்க, வந்தது இன்னொரு மலை. பின்னேரம், ஆட்கள் பிரெஞ்சு கதைக்கிற ஒரு ஊரில் பஸ் தரிப்பிடத்தில் இருந்தவரை டெனிஸ்தான் காரில் போய் ஏற்றினார்.

"ஏன் மாமா இவ்வளவு தூரம் நடந்தனீங்கள்?"

"கரை இன்னும் வரேல்லையே, தம்பி."

"இஞ்சை கரை வராது மாமா."

"அதை நடக்கிறவனுக்கு ஆர் சொன்னது? ஒரு அறிவித்தல் போட் எழுதி வைக்க வேண்டாமே?"

அன்று நீங்கள் அன்போடு ஏரிமீன் குழம்பு வைத்தீர்கள். இவர் திரும்பத் திரும்ப உப்புக் கேட்டது உங்கள் கைப்பிழை அல்ல, புவியியல்.

ஆகவே மேரியம்மா, பிள்ளையை அங்கே அனுப்ப மனம் ஒப்பவில்லை. டெனிஸ் தங்கமான பிள்ளை. லீசாவும் அவரைத் தவிர வேறொருவரையும் கட்டமாட்டேன் என்று நிற்கிறாள். தம்பி கடல் உள்ள இடத்தில் ஒரு வேலை எடுக்கட்டும், மறுவாரமே கோவிலில் கலியாண ஓலை வாசிப்போம்.

மாதா உங்கள் வீட்டைத் தம் முந்தானையால் மூடிக் காப்பாராக.

இப்படிக்கு,
மரியரஞ்சனி அருட்பிரகாசம்

பி.கு.: உறை ஒட்டுமுன் லீசா போன் எடுத்தாள். "அம்மா, நீங்கள் கேட்ட கடல் கிடைச்சிட்டுது!" என்கிறாள். தம்பிக்கு நோர்வேயின் வடக்கு நுனியில், பாட்ஸ்பியோர்ட்டில், மீன் தொழிற்சாலை வேலையாம், திங்கட்கிழமை கையெழுத்தாம். நான் கலியாணம் முடித்து வந்து முதலில் இருந்தது அங்கேதான். மாரிக்குளிரில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. மரம் கிடையாது. காற்றடித்தால் கதவைச் சாத்த இரண்டு பேர் வேண்டும். கடல் இருக்கிறது, கடல் மட்டும்தான் இருக்கிறது. தபால் பிந்தும் என்பதால் இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மேலே எழுதியது ஒன்றையும் வாசிக்க வேண்டாம். சுவிஸ் நல்ல நாடு. திங்களுக்கு முதல் தம்பியை எப்படியாவது மறித்துப் பிடியுங்கோ, சம்பந்தி.