ஓவர்ஹால் மாமாவின் வலம்புரி எஞ்சின்

பம்பாயில் நான் வாழ்ந்த காலத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொருள்களை மிக அதிகமாக நிறுத்திய மனிதர் ஓவர்ஹால் மாமாதான். இதில் அவருக்குப் போட்டி உண்டு என்று யாராவது நினைத்தால், தங்கள் வீட்டுத் தையல் மெஷினை ஒரே ஒரு மத்தியானம் அவரிடம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் குடியிருந்தார். நேர் மேலே நாங்கள். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கடைக்காரனைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததாக எனக்கு நினைவில்லை. கோட்டைப் பக்கம் ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதினார். அது வயிற்றுக்கு. ஆத்மாவுக்கு ஓவர்ஹால். சத்தம் போடுகிற எதைக் கண்டாலும், "பிரிச்சு ஓவர்ஹால் பண்ணினா ஏக்தம் புதுசாயிடும்" என்பார். எங்கள் சுவர்க் கடிகாரம் அப்படித்தான் கீழே போயிற்று. திரும்பி வந்தபோது கூடவே ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது. உள்ளே இரண்டு பல்சக்கரம், கொஞ்சம் திருகாணி.

"இதெல்லாம் என்ன மாமா?" என்றேன்.

"வேண்டாத சாமானாக்கும். வெள்ளைக்காரன் அனாவசியமாப் போட்டிருக்கான். எடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு அந்தக் கடிகாரம் எங்கள் வீட்டில் சாமி படம் மாதிரி இருந்தது. கும்பிடலாம், மணி பார்க்க முடியாது.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாமாவிடம் ஒரு சித்தாந்தமும் இருந்தது. உலகத்தில் ஒழுங்காக ஓடுகிற எல்லாமே பிரதட்சிணமாகத்தான், அதாவது வலமாகத்தான் சுற்றும் என்பார். கடிகார முள், கிராமபோன் தட்டு, கோயிலில் நாம், எல்லாம் சாட்சி. திருகாணியை வலமாகச் சுற்றினால் இறுகுகிறது, இடமாகச் சுற்றினால் கழன்று விழுகிறது, இதைவிட வேறென்ன சாஸ்திரம் வேண்டும் என்று கேட்பார். பர்வதம் மாமி தோசை மாவை இடது பக்கமாகச் சுழற்றி வார்த்துவிட்டால் அந்தத் தோசையைத் தொடமாட்டார். மாமி அதற்காகவே சில நாள் அப்படி வார்த்தாள் என்று என் தங்கை விசாலம் சொல்லுவாள்.

யுத்தம் முடிந்த சமயம். பட்டாளம் விட்டுப்போன சாமான்களையெல்லாம் குர்லாவில் மலையாகக் குவித்து ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். புத்தியுள்ளவர்கள் கம்பளி வாங்கினார்கள், கூடாரத் துணி வாங்கினார்கள். மாமா ஒரு ஜீப்பின் எஞ்சினை வாங்கினார். ஜீப்பை அல்ல, எஞ்சினை மட்டும். அவரிடம் ஏற்கனவே ஒரு திறந்த கார் இருந்தது, எஞ்சின் வெடித்துப் போனது. அதை யாரோ சும்மா கொடுத்தார்கள் என்றும், எடுத்துப் போனால் போதும் என்று கும்பிட்டார்கள் என்றும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டார்கள். கட்டட வாசலில் கிடந்த அந்தக் காரில் ஒரு பூனை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அந்தக் காருக்குள் இந்த எஞ்சினை வைத்து ஓட்டப் போவதாக மாமா அறிவித்தார்.

தாராவியிலிருந்து எசக்கி என்பவன் நாலு ஆட்களோடு வந்து எஞ்சினை மூங்கிலில் கட்டித் தூக்கினான். திருநெல்வேலிக்காரன். வீட்டு வாசற்படியில் நின்று கேட்டான்.

"சாமி, இத வெளிய போட்டு வேலை பாக்கலாம்லா? வீட்டுக்குள்ள வச்சு என்ன செய்யப் போறீய?"

"வெளிய தூசியாக்கும். உள்ள கொண்டு வா."

"ஆச்சி சம்மதிச்சாச்சா?"

மாமா அந்தக் கேள்வி காதில் விழாதது போல நகர்ந்தார். எஞ்சின் கூடத்தின் நடுவில் இறங்கியது. மாமி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராகுகாலம் கழித்து நல்ல நேரத்தில் மாமா ஸ்பானரைக் கையில் எடுத்தார். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, வேதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுதான். ஆனால் நான் யாகம் செய்யக் கிளம்பியதில்லை. மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே பட்டாளத்துக் கரி, விரல் கனத்துக்கு. பிஸ்டன்களை உருவினார், வளையங்களை எடுத்தார், வால்வுகளைக் கழற்றினார். எந்த வால்வு எந்தத் துளைக்குரியது என்பது மாறக்கூடாதாம். அதற்காக மாமியின் இட்லித் தட்டுகளை எடுத்து ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு வால்வை உட்கார்த்தி வைத்தார். பிஸ்டன் வளையங்கள் பெருங்காய டப்பாவுக்குள் போயின. கட்டடத்தில் அத்தனை குடும்பங்களின் ரேஷன் மண்ணெண்ணெயும் அந்தக் கரியைக் கழுவுவதில் தீர்ந்தது. கீழே எண்ணெய்த் தொட்டி கசியாமல் இருக்க இடையில் வைக்க அட்டை வேண்டியிருந்தபோது அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தின் அட்டையைக் கிழித்து வெட்டினார். எங்கள் தெருவில் மூக்குள்ள எல்லோரும் அவரைச் சபித்தார்கள்.

நானும் சபித்ததோடு போயிருந்தால் மறந்திருப்பேன். இதற்குள் என் தங்கையின் கல்யாணம் வந்து மாட்டிக்கொண்டது.

விசாலத்துக்கு ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் புடவையை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல அரிசி பொறுக்க உட்கார்ந்துவிடுவாள். அதைப் பார்க்கத்தான் அப்பாவுக்குத் தாங்காது. மூன்றாவதாகச் செம்பூரிலிருந்து வந்தார்கள். பையன் நல்லவன். பையனின் அப்பா பாத்திரம், பண்டம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஜானவாசத்துக்குத் திறந்த கார் வேணும். எங்க மூத்தவனுக்கு டாக்ஸியில ஊர்வலம் விட்டான்னு எங்க அக்கா இன்னிக்கும் சொல்லிக் காட்டறா. இந்தத் தடவையும் அப்படின்னா அவ மண்டபத்துக்கே வரமாட்டா. அக்கா இல்லாம எங்காத்துல ஒண்ணும் நடக்காது."

பெட்ரோலுக்குக் கூப்பன் வேண்டிய காலம். திறந்த கார் வைத்திருந்தவர்களெல்லாம் அதை ஷெட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். அப்பா யோசிக்கும் முன்னே, பெண் பார்க்க வந்த கூட்டத்தில் பஜ்ஜி சாப்பிட வந்து உட்கார்ந்திருந்த ஓவர்ஹால் மாமா, கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கார் நம்மாத்துலயே இருக்கே. நானே ஓட்டிண்டு வரேன்."

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. அவர் யாரையும் நம்புவார். எனக்கு எதிரே இருந்த பஜ்ஜித் தட்டைத் தூக்கி மாமா மேல் போடலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் விசாலம் என்னிடம் கேட்டாள்: "அண்ணா, நிஜமாவே ஓடுமா?"

"அவர் கைபட்ட எதுவும் இதுவரைக்கும் ஓடினதில்லை," என்றேன்.

"ஓடலேன்னா இதுவும் போச்சுல்ல?" என்றாள். அவள் அரிசி முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் எசக்கியின் ஆட்கள் எஞ்சினைத் திரும்பத் தூக்கிக் காருக்குள் இறக்கினார்கள். பூனையை வெளியேற்றுவதுதான் சிரமமாக இருந்ததாம். எல்லாம் மாட்டி முடித்து, மாமா கார் முன்னால் தேங்காய் உடைத்து, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினார். படார் என்று ஒரு சத்தம். ஊரில் கலவரப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நாள்கள். தெரு முழுக்க ஜன்னல்கள் மூடிக்கொண்டன. மறுபடியும் சுழற்றினார். மறுபடி படார். வண்டி ஒரு முழம் குதித்து நின்றது.

நான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். எஞ்சின் பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு குடுவை உண்டு. அதன் மூடியிலிருந்து நாலு பிளக்குக்கும் நாலு ஒயர் போகும்; உள்ளே ஒரு முள் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் முறை வைத்து மின்சாரம் கொடுக்கும். முறை மாறினால் வெடிக்கும். மாமா ஒயர்களை வரிசையாக, வெகு அழகாக, வலமாக மாட்டியிருந்தார். மூடியைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். முள் இடமாகச் சுற்றியது.

"மாமா, இது அப்பிரதட்சிணமான்னா சுத்தறது? ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா சரியாயிடும்."

"நீ எதிர்ல நின்னு பார்க்கறாய். அதான் அப்படித் தோணறது. அடியில போய் நின்னு பாரு, வலமாத்தான் சுத்தும்."

"அடியில போய் யாரால நிக்க முடியும்?"

"அது உன் அசக்தியாக்கும்."

"விசாலத்தோட கல்யாணம் மாமா."

"அதுக்குத்தான் சொல்றேன். மங்கள காரியத்துக்குப் போற வண்டியை அப்பிரதட்சிணமா விடச் சொல்றயா? நீயும் ஒரு அண்ணனா?"

நான் போய்த் தொட்டால் ஸ்பானரால் அடிப்பேன் என்றார். அடிக்கக் கூடியவர்தான். பம்பாய் முழுக்க இவரைவிட மக்கான ஒரு மனிதர் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே மாடியேறினேன்.

ஜானவாசத்தன்று காருக்கு மாலை போட்டார்கள். மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தான். மாமா ஸ்டியரிங்கில். எஞ்சின் வழக்கம் போல ஒன்றும் செய்யவில்லை. நல்ல வேளையாக எசக்கியும் ஆட்களும் கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். "தக்கா மாருங்கடே" என்று அவன் சொல்ல, பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள். ஊர்வலம் எப்போதும் நாயனக்காரர் வேகத்தில்தானே போகும்? ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாமா கியர் மாற்றினார், ஹாரன் அடித்தார், வளைவில் கையை நீட்டிக் காட்டினார். கோயில் திருப்பத்தில் தள்ளின வேகத்துக்கு எஞ்சின் திடீரென்று விழித்துக்கொண்டு படபடவென்று நாலைந்து வெடி வெடித்து மறுபடி தூங்கிவிட்டது. நான் செத்தேன் என்று நின்றேன். சம்பந்தி அப்பாவின் தோளைத் தட்டினார்.

"பட்டாசுகூட ஏற்பாடு பண்ணியிருக்கேளா? பேஷ்."

மண்டபம் வந்து சேர்ந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிச்சயதார்த்தத்துக்கு உட்கார வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் சம்பந்தி சாவதானமாக மாமாவிடம் வந்தார்.

"அக்கா செம்பூர்ல காத்துண்டிருப்பா. ஒரு நடை போய் அழைச்சுண்டு வந்துடுங்கோ. அவ வந்தப்பறம் லக்னப் பத்திரிகை வாசிக்கலாம்."

"டாக்ஸி அனுப்பட்டுமா?" என்றார் அப்பா.

"அவ ஏறமாட்டா. மாப்பிள்ளை வந்த கார்தான் வரணும்னு சொல்லியிருக்கா. ஏன், காருக்கு என்ன?"

செம்பூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போக எசக்கியாலும் முடியாது. உள்ளே அறை வாசலில் விசாலம் பட்டுப் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது. அவள் மாமாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். போனால் போகட்டும் மாமா, என்பது போல் பார்த்தாள்.

மாமா வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். காரின் பானெட்டைத் தூக்கினார்.

"அந்தண்டை திரும்பிக்கோடா," என்றார்.

திரும்பிக்கொண்டேன். ஏதோ முணுமுணுத்தார். டக் டக் என்று இரண்டு ஒயர் கழன்று மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கைப்பிடியைச் சுழற்றினார். ஒரே சுழற்று. எஞ்சின் அப்படியே சொக்கிப்போய் ஓடியது. நாயனக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சொல்லத்தான் வேண்டும்: இட்லித் தட்டில் வைத்திருந்த வால்வு ஒன்றுகூட இடம் மாறவில்லை, மனிதர் பிரித்த எஞ்சினைப் பிரமாதமாகவே கட்டியிருந்தார்.

செம்பூர் போகும் வழியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இப்பவாவது புரிஞ்சுதா மாமா?"

"புரியாம என்ன? முதல் தடவை சுத்திப் பார்த்தப்பவே தெரியும். மனசு வரலைடா," என்றார். செம்பூரில் மாப்பிள்ளையின் அத்தை பின்சீட்டில் ஏறி, "வண்டி நன்னா அலுங்காமப் போறதே" என்றாள். கல்யாணம் நடந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் தம்பதியை அதே காரில் அவர்தான் செம்பூரில் கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் நான் கீழே இறங்கி வந்தபோது கார் பழைய இடத்தில் நின்றிருந்தது. மாமா குளித்து, ஈரத் துண்டோடு எஞ்சின் மேல் குனிந்து ஒயர்களைக் கழற்றி மறுபடி வலமாக மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது? நன்னாத்தானே ஓடறது?"

"நம்ம பொண்ணுக்காக ஒரு பாபம் பண்ணினேன். அது முடிஞ்சாச்சு. எனக்காகப் பண்ணப்படாது."

அந்தக் கார் அதன் பிறகு ஓடவே இல்லை. விசாலத்தை வண்டி ஏற்றி அனுப்பியபோது ஆண்பிள்ளையாக அழாமல் சமாளித்துவிட்ட நான், பானெட்டுக்குள் குனிந்திருந்த அந்த ஈர முதுகைப் பார்த்து நின்றபோது அழுதுவிட்டேன்.